பட்டாளத்து வண்டியை ஏலத்தில் எடுப்போர் அறிய வேண்டியவை

பட்டாளத்தார் உபயோகித்துக் கழித்த ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கின்றன என்னும் பேச்சு கிராமங்களில் அடிக்கடி எழுவதுண்டு. வண்டிப்பாதைகள் சேறாகிக் கிடக்கும் மழைக்காலத்தில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியொன்று இருப்பின், எரு ஏற்றவும் விளைபொருளைக் களத்திலிருந்து ரஸ்தாவிற்குக் கொணரவும் பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. இரண்டாம் உலக யுத்தம் 1945-இல் முடிந்து, மிஞ்சிய வண்டிகள் விலைக்கு வந்த காலந்தொட்டே இவ்வாசை இருந்து வருகின்றது. ஆயினும் ஏலத்தில் கேட்ட தொகை வண்டியின் முழு விலையன்று. ரஸ்தாவில் ஓடும் உரிமையைப் பெறும் வரை அது களத்துமேட்டில் கிடக்கும் இரும்பேயாகும்.

இதன் காரணம் சட்டத்திலேயே உள்ளது. மத்திய சர்க்காருக்குச் சொந்தமாய்த் தேசப் பாதுகாப்பிற்கு உபயோகமாகும் வண்டிகளை, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியே பதிவு செய்கின்றார். மேல்நோக்கிய அம்புக்குறியுடன் கூடிய எண் அவ்வாறு வழங்கப்படுவதே. அவ்வண்டிக்கு வேறு பதிவு வேண்டுவதில்லை. ஆனால் சர்க்கார் சொத்தாயிருப்பது நீங்கியதும் மற்றவர் வண்டிகளுக்குரிய 39, 40-ஆவது பிரிவுகள் அதனைப் பற்றுகின்றன. இருபது வருஷம் மலையும் மணலும் கடந்து ஓடியதாயினும், சட்டப்படி அது இன்னும் பெயரிடப்படாத பிள்ளையைப் போன்றதே. வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் மாநிலத்திலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 20-ஆம் நமூனாவில் மனுச் செய்து, முதற் பதிவு பெறுதல் வேண்டும்.

மனுவுடன் சேர்க்க வேண்டியவற்றுள் தலையாயது 21-ஆம் நமூனாவிலுள்ள அசல் விற்பனைச் சான்று. இதனைப் பாதுகாப்பு இலாகா அதிகாரியே கையொப்பமிட்டு அளித்தல் வேண்டும். ஏலப் பணம் கட்டிய ரசீதோ, வண்டியை வெளியே எடுத்துச் செல்லக் கொடுத்த அனுமதிச் சீட்டோ இதற்கு ஈடாகா. எம்.எஸ்.டி.சி. கம்பெனியின் வாயிலாக இணைய வழியில் நடைபெறும் ஏலங்களில், பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படும். ஆதலால், ஓடக்கூடிய வண்டியாக விற்கின்றனரா, உடைத்தெடுக்கும் கழிவிரும்பாக விற்கின்றனரா என்பதை ஷரத்துக்களில் முதலிலேயே வாசித்தறிதல் அவசியம். கழிவிரும்பாக எடுத்ததற்குப் பதிவுச் சான்றை எதிர்பார்த்தல் வீண்.

பெரும்பாலோர் இடர்ப்படுவது ஏலக்களத்திலன்று, தரகரிடத்தில். வியாபாரி ஒருவர் பத்து வண்டிகளை ஒரே குவியலாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கின்றார். விற்பனைச் சான்று அவர் பெயரில் இருக்கும். விவசாயிக்குக் கிடைப்பதோ முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் ஒன்றே. முறைப்படி அவ்வியாபாரி முதலில் தம் பெயரில் பதிவு செய்து, பின்னரே 29, 30-ஆம் நமூனாக்களின் மூலம் உரிமையை மாற்றித் தருதல் வேண்டும். வேறு மாநிலத்தவராயின் 28-ஆம் நமூனாவில் ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். அவர் அதனைச் செய்யாது பணத்துடன் சென்றுவிடின், சங்கிலியின் முதற் கண்ணியே அறுந்துபோகின்றது. நிலம் வாங்குங்கால் மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்கும் பட்டாதாரர், வண்டி வாங்குங்கால் மட்டும் வாய்ச்சொல்லை நம்புவது வியப்பே.

அடுத்தது எண்களின் ஒற்றுமை. இராணுவப் பட்டறைகளில் பழுதான இஞ்சினை எடுத்து வேறு இஞ்சின் பொருத்துதல் சாதாரணம். சான்றிலுள்ள இஞ்சின் எண்ணும் அடிச்சட்டத்தின் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணுடன் ஓர் எழுத்து வேறுபடினும் மனு நின்றுவிடும். திருத்தம் செய்யத் தக்கவர் சான்றளித்த அதிகாரியே. எனவே கிடங்கை விட்டு வண்டியைக் கிளப்புமுன், அழுக்கைத் துடைத்து எண்களை ஒத்துப் பார்த்தல் வேண்டும். மேலும் ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்கா, சக்திமான் போன்றவை உற்பத்தி நின்று பல்லாண்டாயின. தயாரிப்பாளர் அளிக்கும் 22-ஆம் நமூனாத் தகுதிச் சான்றை அவற்றிற்கு இன்று யாரிடம் பெறுவது? புதிய வண்டிகளுக்கு 1-4-2020 முதல் பாரத் ஆறாம் நிலைப் புகை அளவு கட்டாயமாகியிருத்தலால், அக்கேள்வியும் எழக்கூடும். இவ்விரண்டையும் பற்றிப் பதிவு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் பெற்ற பின்னரே ஏலம் கேட்பது நலம்.

வண்டி தம் பண்ணைக்குள்ளேயே ஓடுவதால் பதிவு எதற்கு என்று கேட்பாருமுண்டு. பொதுஜனங்கள் செல்ல உரிமையுள்ள எந்த வழியும் சட்டப்படி பொது இடமே. ஊர்ப்பாதையும் அதில் அடங்கும். பதிவின்றி ஓட்டினால் முதற் குற்றத்திற்கே 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதனினும் கொடியது வேறொன்று. பதிவற்ற வண்டிக்கு முறையான இன்ஷியூரன்ஸ் கிடைத்தலரிது. அதனால் ஒருவர் மாண்டாலோ முடமானாலோ நஷ்ட ஈடு முழுவதும் உடையவர் தலையில் விழும். தீர்ப்பாயம் சான்று அனுப்பின், 174-ஆவது பிரிவின்படி கலெக்டர் அத்தொகையை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிப்பார். வண்டியின் பொருட்டு நஞ்சை ஜப்திக்கு வருவது இவ்வாறே. ஜப்தி நோட்டீஸைக் கொண்டு செல்லுமாறு நேரும் கிராம உத்தியோகஸ்தர்கள், இதனை முன்னதாகவே ஊராருக்கு எடுத்துரைக்கலாம்.

பதினைந்து வருஷம் கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு 1-4-2023 முதல் செல்லாதாகி, அவை உடைக்கும் நிலையங்களுக்கே செல்ல வேண்டுமென விதி ஏற்பட்டுள்ளது. பாதுகாப்புப் பணிக்குரிய சிறப்பு வண்டிகள் மட்டும் இதினின்றும் விலக்கப்பட்டுள்ளன. ஆகையால் மிகப் பழைய வண்டியை மலிவாகத் தருவதாகக் கூறுவோரிடம் தயாரித்த வருஷத்தை முதலில் கேட்க வேண்டும்.

சான்று கைக்கு வந்தபின் வண்டியைத் தற்காலிகப் பதிவுடனோ, வேறு லாரியில் ஏற்றியோ பரிசோதனைக்குக் கொண்டு செல்லலாம். அதற்கு முன் வர்ணத்தை மாற்றிவிட வேண்டும். பட்டாளத்துப் பச்சை பாதுகாப்பு இலாகா வண்டிகளுக்கே உரியதென மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி கூறுகின்றது. பதிவுப் புத்தகத்தில் வர்ணமும் எழுதப்படுமாதலால், பரிசோதனைக்குப் பின் பூசுவோர் மறுமுறையும் அலுவலகம் செல்ல நேரும்.