மன்னித்த தாவீது திரும்பிப் போகவில்லை

வேதபாடம்: 1 சாமுவேல் 19, 24, 26 அதிகாரங்கள்



தாவீதைக் கொல்லுவதில்லை என்று சவுல் ஆணையிட்டான் (19:6). அதை நம்பி யோனத்தான் அவனைத் திரும்ப அழைத்துவந்தான். நடந்தது என்ன? மறுபடியும் ஈட்டி பாய்ந்தது (19:10). தப்பி வீட்டுக்குப் போனான். சவுல் விடவில்லை, வீட்டைக் காவல்பண்ண ஆள் அனுப்பினான் (19:11). மீகாள் ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டாள். இது அவிசுவாசமா? இல்லவே இல்லை!

பிற்பாடு சவுல் அழுதான் (24:16). திரும்பி வரும்படி கூப்பிட்டான் (26:21). தாவீது பழிவாங்கவில்லை, மன்னித்தான். ஆனால் அவனோடு அரமனைக்குப் போகவில்லை. மன்னிப்பு வேறு, திரும்பிப் போவது வேறு.

அடிபட்டுத் தாய்வீடு வந்த சகோதரியிடம், "போம்மா, ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்கிறோமே! 2023-ல் உலகமெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. பிரிந்து வந்தபின்னும் ஆபத்து தீருவதில்லை, பலருக்கு அது கூடுகிறது. கழுத்தை நெரித்திருந்தால், பின்தொடர்ந்தால், "பிள்ளைகளோட கொளுத்திடுவேன்" என்று மிரட்டினால், அதை வாய்ப்பேச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

சபையார் செய்யவேண்டியவை:

1. அவள் தங்குமிடத்தைக் கணவனிடம் சொல்லாதிருங்கள்.
2. சமாதானம் பேசுகிறோம் என்று இருவரையும் ஒன்றாய் உட்காரவைக்காதிருங்கள்.
3. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

ஜெபியுங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஆமென்.