17(பி) வாங்கிய மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. போனில் நீ அழுததில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை உன் அப்பா சொன்னான். பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டாய் என்று யாரோ பேர் போடாமல் மனு அனுப்பியிருக்கிறார்கள். அதை வைத்து உனக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) குறிப்பாணை கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். போனில் சொன்னால் உன் மனதில் நிற்காது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரிக் கோப்புகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன.

நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு. ஆனால் விசாரணை அலுவலருக்கு உன்னைத் தெரியாது. அவர் முன்னால் இருக்கப்போவது காகிதம். அதனால் இனி நீ எதைச் சொல்வதானாலும் காகிதத்தில் சொல். சொல்வதும் குற்றச்சாட்டுக்குப் பதிலாக இருக்கட்டும். குற்றம் சொன்ன ஆளைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இதேபோல ஒரு மெமோ வந்தது. வலுவே இல்லாத குற்றச்சாட்டு. தேதிகளை எடுத்து வைத்திருந்தால் முதல் விசாரணையிலேயே விழுந்திருக்கும். அவர் ஆத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். அதிகாரி எப்போது வருகிறார், யாரோடு டீ குடிக்கிறார், யார் யாருக்குச் சலுகை காட்டுகிறார் என்று எல்லாவற்றையும் எழுதினார். கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. மேலதிகாரியை அவதூறாக எழுதினார் என்று இரண்டாவது மெமோ வந்தது. முதல் மெமோவிலிருந்து தப்பித்தவர், இரண்டாவதில் மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

குறிப்பாணையோடு இணைப்புகள் இருக்கும். குற்றச்சாட்டு என்ன, அதற்கு ஆதாரமாகச் சொல்லும் சம்பவம் என்ன, எந்தெந்த ஆவணங்கள், யார் யார் சாட்சிகள் என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்து அழுவார்கள். நீ கடைசி இரண்டையும் முதலில் படி. உன்மேல் சொல்லியிருப்பதை எதை வைத்து நிரூபிக்கப் போகிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அந்த ஆவணங்களின் நகல் வேண்டும் என்று இன்றைக்கே எழுதிக் கொடு. கொடுத்த கடிதத்துக்குத் தேதியோடு ஒப்புகை வாங்கி வை. விளக்கம் கொடுக்கக் கெடு போட்டிருப்பார்கள். நகல் கைக்கு வராவிட்டால், அதையே காரணமாகச் சொல்லி அவகாசம் கேட்டு எழுது. கெடு தானாக நீளும் என்று சும்மா இருந்துவிடாதே.

விளக்கம் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? "நான் நேர்மையான குடும்பத்தில் பிறந்தவள்" என்று தொடங்கினாயானால் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிடுவார். அந்த விண்ணப்பம் உன் இருக்கைக்கு எந்தத் தேதி வந்தது, தன்பதிவேட்டில் எந்த எண், எந்தத் தேதி நீ குறிப்பு எழுதி மேலே அனுப்பினாய், அதற்குப் பிறகு அது யாரிடம் இருந்தது என்று எழுது. 'தமிழ் நிலம்' மென்பொருளில் யார் பெயரில் எப்போது என்ன செய்யப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று நீயே கேள். உன் பாஸ்வேர்டை வேறு யாராவது வாங்கிப் பயன்படுத்தியிருந்தால், அதை மறைக்காமல் எனக்கு முதலில் சொல். அவசரத்துக்கு என்று பாஸ்வேர்டைக் கைமாற்றும் பழக்கம் எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கோப்பு உன்னிடம் சில நாள் கிடந்தது என்று நீயே சொன்னாய். நில அளவர் உட்பிரிவு அறிக்கை தரவில்லை, அதனால் கிடந்தது. இதை மறைக்கப் பார்க்காதே. "தாமதம் உண்மை. காரணம் இது. நினைவூட்டு அனுப்பிய தேதி இது" என்று நேராக ஒப்புக்கொள். பொய்க் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலும் ஒரு துளி உண்மை கலந்திருக்கும். அதனால்தான் கேட்பவர்கள் நம்புகிறார்கள். அந்தத் துளியை நீயே எடுத்துச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ஒன்றில் மாட்டிக்கொண்டால், நீ சொன்ன உண்மையும் எடுபடாது.

வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று கேட்பார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பலர் வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். நீ வேண்டும் என்று எழுது. அங்கேதான் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், உன் தரப்புச் சாட்சியைக் கூப்பிடலாம். முறையாக விசாரித்து, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கவோ கூடாது என்பது அரசியலமைப்பின் 311-வது பிரிவு. விசாரணை அறிக்கையின் நகலை, தண்டனை முடிவாவதற்கு முன்னால் ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் யாரும் உனக்குச் செய்யும் தயவு இல்லை.

உன் அப்பா யாரையோ பிடித்துப் பேசச் சொல்லலாம் என்கிறான். வேண்டவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவது நடத்தை விதிகளின்படி தனிக் குற்றம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொடிவைத்து எதையும் போடாதே. அதை ஒருவர் படமெடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுவார்.

கூட வேலை செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாய். அது வலிக்கத்தான் செய்யும். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, பயம் இருக்கிறது. அவர்களைப் பகைக்காதே. நாளைக்கு அவர்களில் ஒருவர்தான் உனக்குச் சாட்சி சொல்ல வரவேண்டும். வழக்கமான நேரத்துக்குப் போ. உன் இருக்கைக்கு வரும் தபாலை அன்றன்றைக்கே பதிவு செய். மருத்துவ விடுப்பில் போய் வீட்டில் படுத்துக்கொள்ளாதே.

இது சீக்கிரம் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பி நாராயணன் நம் நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி. உளவு பார்த்தார் என்று 1994-ல் கைது செய்தார்கள். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996-ல் சி.பி.ஐ.யே அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனாலும் தேவையில்லாமல் கைது செய்யப்பட்டார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018-ல்தான். அத்தனை வருஷமும் அவர் விடவில்லை. உன் விவகாரம் அவ்வளவு பெரிதில்லை, அவ்வளவு நாளும் ஆகாது. ஆனால் இது முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் வராமல் போகலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள். வீட்டுக் கடன் எதுவும் புதிதாக வாங்காதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பாணை, இணைப்புகள், தன்பதிவேட்டில் நீ குறித்து வைத்த தேதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இங்கே வா. விளக்கத்தை உன் கையால் ஒருமுறை எழுதிக் கொண்டு வா. சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம். நான் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அத்தை