மாம்பழ காப்ளர் செய்யப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ராஜபாளையத்தில் வீட்டிலேயே ஓடிஜி மின்னடுப்பு வைத்து கேக் செய்து விற்கிறாய், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்பதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பீச் காப்ளரையும் பட்டியலில் சேர்க்க ஆசைப்பட்டு, டின்னில் வரும் பீச் வாங்கி, அமெரிக்கச் செய்முறையை ஒரு வரி பிசகாமல் செய்தும் அடியில் தண்ணீர் நிற்கிறது, மேல்மாவின் உட்புறம் வேகாமல் களியாகிவிடுகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வி இன்னும் பல பிள்ளைகளுக்கு இருக்கும். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ பின்பற்றியது மரத்தில் பழுத்த புதுப் பழத்துக்கான செய்முறை. அதில் சொல்லும் சர்க்கரை, சோள மாவு, நேரம் எல்லாம் அந்தப் பழத்தின் தண்ணீரையும் புளிப்பையும் கணக்கில் வைத்து எழுதியவை. டின் பழம் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. பாகில் ஊறி, தன் புளிப்பில் கொஞ்சம் இழந்தது. அதை இன்னும் நாற்பது நிமிடம் சூட்டில் வைத்தால் குழைந்து தண்ணீர்தான் விடும். நீ அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் இது சரியாகாது. பழத்தை மாற்று. உன் ஊரைச் சுற்றி மாந்தோப்பு இருக்கிறது.

பீச் இல்லாமல் காப்ளரா என்று கேட்பாய். காப்ளர் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் போய்விடும். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களிடம் இங்கிலாந்து முறையில் பை செய்ய நல்ல அடுப்பும் இல்லை, ஏற்ற பாத்திரமும் இல்லை. கனமான இரும்புச் சட்டியில் கையில் கிடைத்த பழத்தைப் போட்டு, மேலே மாவை ஒட்டுப்போட்டாற்போல வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டி வேகவைத்தார்கள். 1839இல் லெட்டிஸ் பிரையன் வெளியிட்ட ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் நூலிலேயே பீச் பழத்தில் செய்யும் இந்தப் பண்டம் காப்ளர் என்ற பெயரோடு வந்துவிட்டது. பீச்சும் அந்த மண்ணின் பழம் அல்ல. சீனத்தில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு அமெரிக்கா போன பழம் அது. ஜார்ஜியாவிலும் கரோலினாவிலும் நன்றாக விளைந்ததால் அங்கே காப்ளர் என்றாலே பீச் என்று ஆகிப்போனது. பக்கத்துத் தோட்டத்தில் பழுத்ததை வைத்துச் செய்வது என்பதுதான் இந்தப் பண்டத்தின் குணம்.

பீச்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், கொடைக்கானலிலும் நீலகிரியிலும் கோடையில் கொஞ்சம் விளைகிறது. பீச் மரம் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். அதனால் மலைமேல் வளரும், நம் அடிவாரத்தில் வளராது. அந்தப் பழம் கையில் கிடைத்தால் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் எடு. தோல் தானாக உரிந்து வரும். டின் வேண்டாம்.

இனி மாம்பழத்துக்கு வருவோம். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ராஜபாளையத்துக்குப் பேர்போன சப்பட்டையும் பஞ்சவர்ணமும் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே விளைகின்றன. முடங்கியாறு சாலையில் அய்யனார் கோயில் பக்கம் போனாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புப் பக்கம் போனாலும் மலையடிவாரம் நெடுகத் தோப்புதான். சித்திரை வைகாசியில் கடைக்காரரிடம் வாங்காதே. தோப்புக்குப் போ. வெறும் பழம் வேண்டும் என்று கேட்காமல் எந்தப் பதத்தில் வேண்டும் என்று சொல்லிக் கேள். காப்ளருக்கு நன்றாகப் பழுத்த மாம்பழம் மட்டும் உதவாது. பீச்சில் இனிப்போடு ஒரு புளிப்பு நிற்கும், வெந்தாலும் துண்டு துண்டாக இருக்கும். கனிந்த சப்பட்டையில் இனிப்பு தூக்கலாக இருக்கும், சூட்டில் கூழாகிவிடும். அதனால் பாதி செங்காய், பாதி பழம். செங்காய்க்குக் கிளிமூக்கு நல்லது: சதை இறுக்கம், புளிப்பும் உண்டு, அடுப்பில் உருக்குலையாது. பழத்துக்குச் சப்பட்டை: வாசனையும் இனிப்பும் அதிலிருந்து வரட்டும். ஒன்று கடிபடுவதற்கு, மற்றது குழம்பாவதற்கு.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை வாங்கிவிடாதே. கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. உடம்புக்குக் கேடு என்பதோடு, உன் தொழிலுக்கும் அது ஆகாது. தோல் மட்டும் மஞ்சளாகும், உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்காது. வாசனை வராது. காம்படியில் மூக்கை வைத்துப் பார். மணம் இல்லாத பழத்தை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடு. காயாக வாங்கி வைக்கோலில் நீயே பழுக்க வைத்தால் எந்த நாளில் எந்தப் பதம் என்பது உன் கையில் இருக்கும்.

ஒரு கிலோ சதையைக் கட்டைவிரல் அகலத் துண்டுகளாக நறுக்கு. எண்பது முதல் நூறு கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போட்டுப் புரட்டி அரைமணி நேரம் வை. பழம் புளிப்பில்லாமல் இருந்தால் சாறு இரண்டு கரண்டி. சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும். உன் காப்ளரின் அடியில் நின்ற தண்ணீர் இதுதான். அதை அடுப்புக்குள் போகும் முன்பே பிரித்தெடுக்க வேண்டும். வடிகட்டிய சாற்றில் இரண்டு கரண்டியை எடுத்து ஆறவைத்து, அதில் பதினைந்து கிராம் சோள மாவைக் கரை. மீதியை வாணலியில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சு. கரைத்த மாவை ஊற்றி, கெட்டியான குமிழி வரும்வரை கிளறு. குமிழி வராத சோள மாவு பச்சை வாடை அடிக்கும், பிறகு நீர்த்தும் போகும். இதில் துண்டுகளைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, சூடாகவே பேக்கிங் டிரேயில் பரப்பு. ‘சூடாகவே’ என்பதை மறந்துவிடாதே. ஆறிய பழத்தின் மேல் மாவை வைத்தால் மேலே சிவக்கும்போது அடிப்பக்கம் களியாகவே இருக்கும். பழம் கொதிக்கக் கொதிக்க இருந்தால் மாவு இரண்டு பக்கமும் சேர்ந்து வேகும்.

மேல்மாவுக்கு அமெரிக்கப் புத்தகங்கள் குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரலால் உதிர்க்கச் சொல்லும். வைகாசி மாதத்து ராஜபாளையத்தில் அது நடக்காது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். உன் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும், உன் விரல் அதைவிடச் சூடு. இதற்கு வேறு வழி இருக்கிறது. தொண்ணூறு கிராம் வெண்ணெயை உருக்கி லேசாக ஆறவிடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நூற்று எண்பது மில்லி கெட்டி மோரில் அதை ஊற்றிக் கரண்டியால் கலக்கு. மோரின் குளிர்ச்சியில் வெண்ணெய் மணிமணியாகத் திரண்டு நிற்கும். தயிர் கடைந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருநூறு கிராம் மைதா, நாற்பது கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலந்து வைத்திரு. கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெய் என்றால் அதிலேயே உப்பு இருக்கும், தனியாகப் போடாதே. மோரை மாவில் ஊற்றி, ஈரம் பட்டதும் நிறுத்திவிடு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்குப் புரதம் குறைந்த மென்மையான மாவு வைத்திருக்கிறார்கள். நம் மைதாவில் புரதம் அதைவிடக் கூடுதல். பிசையப் பிசைய இழுவை வந்து பரோட்டா மாவுக் குணம் வந்துவிடும். கட்டி கட்டியாக இருப்பதுதான் இங்கே அழகு. பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு வை. நீராவி வெளியேற அந்த இடைவெளி வேண்டும்.

அடுப்பை முன்பே சூடேற்றி வைத்திரு. மோரும் சோடாவும் சேர்ந்த நொடியிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கிறது. 190 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். மேல் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதே. நடுவில் ஒரு மாவுத் துண்டைக் கத்தியால் நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார். பழச்சாறு ஓரத்தில் மட்டும் கொதித்தால் போதாது, நடுவிலும் மெதுவாகக் குமிழ வேண்டும். வெளியே எடுத்து அரைமணி நேரமாவது அப்படியே விடு. சாறு இறுகுவது அப்போதுதான். வாடிக்கையாளர் சுடச்சுடக் கேட்டாலும் அந்த அரைமணி நேரத்தை விட்டுக்கொடுக்காதே.

முட்டை எங்கே என்று நீ தேடியிருப்பாய். இதில் முட்டையே கிடையாது. ஆண்டாள் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் முட்டையில்லாத கேக் கேட்பவர்களுக்கு நீ எதையும் மாற்றாமல் கொடுக்கக்கூடிய பண்டம் இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா பேச்சு வராமல் இருக்காது. காப்ளர் மாவில் பால்கோவாவைக் கலந்து புதுமை செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யாதே. அதில் இருப்பது சுண்டிய பாலும் சர்க்கரையும். மாவு வேகும் முன்பே அது கருகும், கோவாவின் மணமும் போய்விடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பசும்பாலையும் சர்க்கரையையும் தவிர வேறெதுவும் சேர்க்காமல், பெரிய இரும்புச் சட்டியில் கை ஓயாமல் கிளறி எடுப்பது. அந்த உழைப்பை மாவுக்குள் புதைக்க வேண்டாம். அமெரிக்காவில் காப்ளருக்குப் பக்கத்தில் வெனிலா ஐஸ்கிரீம் வைப்பார்கள். நீ ஒரு கரண்டி பால்கோவாவைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் தளர்த்தி, வெதுவெதுப்பான காப்ளரின் பக்கத்தில் ஊற்றிக் கொடு. புளிப்பும் பாலும் நாக்கில் சேரும்போது ஐஸ்கிரீம் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: கோவா அன்றன்று வாங்கியதாக இருக்கட்டும்.

அந்தக் கடைகளில் நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் நின்று பார். பால் சுண்டி எந்த நொடியில் சர்க்கரை விழுகிறது, எப்போது தீயைத் தணிக்கிறார்கள், கரண்டியின் கனம் எப்படி மாறுகிறது என்று கவனி. அவர்களுக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரே பால் மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்று தெரிந்தவர்கள் அவர்கள். உனக்கு மாம்பழத்தோடு அப்படி ஒரு பழக்கம் வரவேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். சித்திரையின் முதல் பழமும் ஆனியின் கடைசிப் பழமும் ஒன்றல்ல. நான் கொடுத்த எண்பது கிராம் சர்க்கரை ஒரு வாரம் சரியாக இருக்கும், அடுத்த வாரம் திகட்டும். ஒவ்வொரு கூடை வந்ததும் ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்.

எசென்ஸ் போடாதே. ஏலக்காயும் போடாதே, நம் கை அங்கேதான் போகும், ஆனால் மாம்பழத்தின் மேல் அது பாயச வாசனையை ஏற்றிவிடும். கூடுதலாக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போதும்.

சில்லறை விஷயங்கள்: அமெரிக்கச் செய்முறையில் வெண்ணெய் ‘ஒரு ஸ்டிக்’ என்றால் 113 கிராம், நம் சிறிய பாக்கெட் 100 கிராம்தான். கப்பை விட்டுவிட்டு எடைத் தராசுக்கு மாறு. 375 என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 190. அலுமினிய டப்பாவில் அனுப்புகிறாய் என்றால் அன்றே சாப்பிடச் சொல்; புளிப்புள்ள பழம் இரவு முழுதும் அதில் கிடக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்காதே.

கடைசியாக ஒன்று. விலைப்பட்டியலில் இதை ‘இந்தியன் பீச் காப்ளர்’ என்றெல்லாம் எழுதாதே. மாம்பழ காப்ளர் என்று எழுது. அதன் கீழே சிறிய எழுத்தில் சப்பட்டை, கிளிமூக்கு என்று பழத்தின் பெயரையும், எந்தப் பக்கத்துத் தோப்பு என்பதையும் போடு. தோப்புக்காரருக்குப் பேரம் பேசாமல் நியாயமான விலை கொடு; நல்ல செங்காயை அவர் உனக்கென்று எடுத்துவைப்பார். ஆடி பிறந்தால் பழம் அருகிவிடும், அதற்குள் தொடங்கிவிடு.

அன்புடன்,
உன் அக்கா