பட்டம் கட்டுவது பெரியவர்களின் வேலைதான்

மார்கழி வாடைக்காற்று எழும்பியதும் வடமராட்சியில் இந்தக் குறை கேட்கத் தொடங்கிவிடும்: "வளர்ந்த ஆம்பிளையள் வேலைவெட்டியை விட்டிட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு திரியினம்." பட்டம் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, அதில் பெரியவர்களுக்கு என்ன வேலை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை ஒரு தடவை பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி என்ற பழைய வடிவங்களோடு இப்போது கப்பலும் விமானமும் விலங்குமாக முப்பரிமாணப் பட்டங்களும் அங்கே ஏறுகின்றன. சில பட்டங்களின் உறுப்புகள் வானத்தில் அசையும். இரவில் ஒளிர மின்குமிழ்கள் பூட்டியவையும் உண்டு. ஓர் ஆள் உயரத்தை மிஞ்சும் அந்தச் சட்டங்களைச் சிறுவர்கள் தனியே கட்டிவிட முடியாது. மூங்கிலைக் கீறி, கணு தட்டி, சீவி, நிறை பார்த்து, நூலால் வரிந்து கட்டுவது கைத்தொழில் அறிவு. அந்த ஊரின் மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றையும் மரத்தையும் கயிற்றையும் அறிந்தவர்களின் ஊரில் பட்டம் கட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

கட்டத் தொடங்குபவர்கள் அடிக்கடி ஏமாறுவது இன்னொரு நம்பிக்கையால். பட்டம் பெரிதென்றால் கம்பும் அந்த அளவுக்குத் தடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. ஒரு பட்டத்தின் நீளம், அகலம், கம்பின் தடிப்பு எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். காற்றுப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும். கம்பின் நிறையோ எட்டு மடங்காகிவிடும். அதே காற்றில் சின்னப் பட்டம் சுகமாக நிற்க, பெரியது மூக்குக் குத்தி விழுவதற்குக் காரணம் இதுதான். நல்ல கட்டுநர்கள் கம்பைத் தடிக்க விடாமல் முனைக்கு முனை நூல் இழுத்துக் கட்டி, அந்த இழுவையால் சட்டத்துக்கு விறைப்பு ஏற்றுகிறார்கள். மூங்கிலைச் சீவும்போதும் உட்புறச் சதையைத்தான் எடுப்பார்கள். நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோல் பக்கத்தில், பலமும் அங்கேதான். சீவிய கம்பின் நடுவைக் கத்தி முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சீவ வேண்டும். இதில் அவசரப்பட்டவரின் பட்டம் எப்போதும் ஒரு பக்கம் சரிந்துதான் பறக்கும். பிறகு எத்தனை முழம் வால் கட்டினாலும் அந்தக் கோணல் முழுதாகப் போகாது.

வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அழகுக்கென்று சிலரும் பாரத்துக்கென்று சிலரும் சொல்வார்கள். வாலின் முக்கிய வேலை காற்றில் இழுபட்டுப் பட்டத்தின் அடிப்பக்கத்தைப் பின்னே பிடித்திருப்பது. அதனால் பாரம் குறைந்த நீண்ட துணிக்கீலம், பாரமான குட்டை வாலைவிட நன்றாக வேலை செய்யும். பெட்டிப் பட்டத்துக்கு அதன் பக்கச் சுவர்களே நிலை கொடுப்பதால் வால் இல்லாமலே நிற்கும்.

ஓடினால்தான் பட்டம் ஏறும் என்பதும் தவறு. காற்று போதுமானதாக இருந்து, பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கும் நூல்களான முச்சையும் சரியாக இருந்தால், ஒருவர் தூரத்தில் தூக்கிப் பிடித்து விட, மற்றவர் நின்ற இடத்திலிருந்தே இழுத்து ஏற்றலாம். ஏறாத பட்டத்தோடு வெயிலில் ஓடிக் களைப்பதைவிட முச்சையின் முடிச்சை ஒரு விரற்கடை மேலே அல்லது கீழே நகர்த்திப் பார்ப்பது மேல். பட்டம் காற்றை எந்தச் சாய்வில் சந்திக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த முடிச்சு.

பட்டத்தில் பூட்டும் ஓசை வில்லான விண் கூவுவது தாளில் காற்று அடிப்பதால் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கூவுவது வில்லில் பூட்டிய நாடா. முன்பு பனை நார் பூட்டினார்கள், இப்போது பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடா பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. முறுக்கில்லாமல் தட்டையாக இழுத்துப் பூட்டிய நாடாவைக் காற்று கடக்கும்போது அது வேகமாக அதிர்கிறது. இறுக்கினால் குரல் உயரும். நாடா நீளமாகவோ பாரமாகவோ இருந்தால் குரல் தடிக்கும். இரவு முழுக்க ஊரின் மேலே கேட்கும் அந்த ஓசையைச் சுருதி சேர்ப்பவர் ஓர் இசைக்கருவியைத்தான் செய்கிறார். அந்த அறிவு எழுத்தில் அதிகம் இல்லை, கைகளில் இருக்கிறது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான நம்பிக்கை ஒன்று மிச்சமிருக்கிறது. ஆட்கள் போதுமானவர்கள் இருந்தால் எந்தப் பட்டத்தையும் பிடித்து நிறுத்தலாம் என்பது அது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பலர் சேர்ந்து ஏற்றிய பெரிய பட்டமொன்று, மற்றவர்கள் கயிற்றைக் கைவிட, விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞரை முப்பது அடிக்கு மேல் தூக்கிச் சென்றது. அந்தக் காணொளி உலகமெங்கும் ஓடியது. சாகசம் என்று பகிர்ந்தார்கள். அது விபத்து, அவர் உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

அப்படித் தூக்கும் பலம் பட்டத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று வியக்கத் தேவையில்லை. 10 சதுர மீற்றர் பட்டத்தை மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று ஏறக்குறைய 60 கிலோ எடையின் பலத்தோடு இழுக்கக்கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். பெட்டிப் பட்டத்தை உருவாக்கிய லோரன்ஸ் ஹார்க்ரேவ் 1894 நவம்பர் 12ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீற்றர் வேகக் காற்றில், நான்கு பட்டங்களின் கீழ் தொங்கி 16 அடி உயர்ந்தார். நம் வாடையும் அந்த வேகத்தை எட்டும். ஆனால் ஹார்க்ரேவ் தன் கம்பியை முதலில் மணல் மூட்டைகளில் பிணைத்து நிலத்தோடு கட்டியிருந்தார்.

இந்தப் பொங்கலுக்குப் பெரிய பட்டம் ஏற்றப்போகிறவர்கள் அதையே செய்யுங்கள். கயிற்றின் அடியை முதலில் பனையிலோ ஆழ நட்ட கட்டையிலோ கட்டுங்கள். கையிலும் இடுப்பிலும் சுற்றாதீர்கள், கையுறை போடுங்கள். மின்கம்பிக்கும் பலாலி விமானப் பாதைக்கும் எட்ட நில்லுங்கள். கால் நிலத்தைவிட்டு எழும்புவதாகத் தோன்றிய அந்தக் கணமே கயிற்றை விட்டுவிடுங்கள். போன பட்டத்தை அடுத்த கிழமை திரும்பவும் கட்டலாம்.