பேரும் நிறையும்: கற்பனை உதைபந்தாட்டம் தரும் பாடம்

மைதானத்தில் ஆடும் உதைபந்தாட்டத்தை நாம் யாவரும் அறிவோம். மைதானத்திற் கால் வையாமலே ஆடும் உதைபந்தாட்டம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2002ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கற்பனை உதைபந்தாட்டமே அது. கைத்தொலைபேசி உடையார் எவரும் பொகவந்தலாவையில் இருந்தபடியே இதிற் சேரலாம், கட்டணம் இல்லை. பத்துக் கோடி பவுண் எனக் கணக்கிடப்படும் கற்பனைப் பணத்தைக் கொண்டு 15 ஆட்டக்காரரைத் தெரிதல் வேண்டும். மெய்யான ஆட்டங்களில் அவர்கள் செய்வனவற்றுக்கு ஏற்பப் புள்ளிகள் கிடைக்கும். அணித்தலைவராகக் குறிக்கப்பட்டவரின் புள்ளிகள் இரட்டிக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்டக்காரரை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 4 புள்ளிகள் கழியும்.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஏமாந்து நிற்போர் பலராவர். அவ்வேமாற்றத்தின் வேரை ஆராய்வார்க்கு 2015–16ஆம் ஆண்டுப் பருவம் ஏற்ற உதாரணமாகும். அதற்கு முந்திய பருவத்திற் செல்சி அணி வாகை சூடியது. அதன் வீரர் ஏடன் ஹஸார்ட் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். ஆகவே, பெருவிலை கொடுத்து அவரைத் தம் அணியிற் சேர்த்தோர் பலர். நிகழ்ந்தது யாது? 2016 ஏப்ரல் 23 வரை லீக் ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடித்திலர். செல்சி பத்தாம் இடத்துக்கு இறங்கியது.

முந்திய பருவத்தில் 14ஆம் இடத்தில் நின்ற லெஸ்டர் சிற்றியோ 81 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. அதன் ஜேமி வார்டி, சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு கழகங்களில் ஆடியவர். தொடர்ந்து 11 ஆட்டங்களிற் கோலடித்துப் பருவ முடிவில் 24 கோல்களை எட்டினார். பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த ரியாத் மஹ்ரேஸ் 17 கோல்கள் அடித்தார். இருவரும் மலிவான விலைக்குக் கிடைத்தவர்கள்.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம், சென்ற ஆண்டின் புகழ் இவ்வாண்டின் உழைப்பாகாது என்பதே. நம் தோட்டங்களிற் ‘பேர்’ என்னுஞ் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒருநாள் வேலைக்குப் பதியப்படும் சம்பளக் கணக்கே அது. விதித்த நிறைக்குக் கொழுந்து வராத நாளில் அரைப்பேரே விழும். நேற்றுக் கூடை நிறைந்தது என்பது இன்றைய தராசில் ஏறாது. பேர் அன்றன்று ஈட்டப்படுவது.

எனினும், தராசு முழு உண்மையையுஞ் சொல்வதன்று. வறட்சியால் மலையிற் கொழுந்து குறைந்தால் அது பறித்தவளின் குற்றமாகுமா? அரைப்பேர் பற்றித் தொழிலாளர் கொண்ட மனக்குறையின் நியாயம் இதுவே. ஹஸார்டின் கதையும் அவ்வாறே முடிந்தது. அடுத்த பருவத்தில் அவர் 16 கோல்கள் அடித்தார். செல்சி மீண்டும் வாகை சூடியது. ஒரு பருவத்தைக் கொண்டு அவர் கதை முடிந்தது என்றோர் மறுமுறையும் ஏமாந்தனர். ஆதலின், ஒரு வாரத் தோல்வி கண்டு பதறி, புள்ளிகளை இழந்து ஆட்டக்காரரை மாற்றுவதன் முன், தோற்றது நம் தெரிவின் பிழையாலா, காலத்தின் கோலத்தாலா என ஆராய்தல் வேண்டும். இது இரண்டாவது பாடம்.

இவ்விரண்டும் விளையாட்டோடு நிற்பவை அல்ல. லயத்திற் பிறந்தவன் என்பதற்காக ஒரு மாணவனைக் குறைத்து மதிப்பதும், ஒரு பரீட்சையில் தவறினான் என்பதற்காக அவனைக் கைவிடுவதும், வார்டியையும் ஹஸார்டையும் மதிப்பிட்டோர் செய்த அதே பிழைகளாம். கற்பனை ஆட்டத்தில் இழப்பவை புள்ளிகளே. வகுப்பறையில் இழப்பது ஒரு பிள்ளையின் வாழ்வு. ஆசிரியரும், பிறருக்கு வேலை கொடுக்கும் நிலையில் உள்ள பழைய மாணவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக. மாணவரோ, நேற்றைய பேரில் மயங்காதும், நேற்றைய அரைப்பேரில் மனமுடையாதும், இன்றைய கூடையை நிரப்ப முயல்வாராக.