பப்பாளிப் பால் கோழிப் புழுவைக் கொல்லுமா?

மாணவர்களே, வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நன்றாகத் தின்றும் கோழி மெலிந்தால், இறக்கை தொங்கினால், "வயிற்றில் பூச்சி, பப்பாளி கொடு" என்பார்கள். இது வெறும் நம்பிக்கைதானா?

கோழிக் குடலில் வாழும் உருளைப்புழுக்களில் பெரியது அஸ்காரிடியா கல்லி. முதிர்ந்த பெண் புழு 12 செ.மீ. வரை வளரும். குடற்சுவரைக் கவ்விப் பிடிக்காமல், சிறுகுடலில் கிடந்தபடி கோழியின் உணவைத் தின்கிறது. எண்ணிக்கை பெருகினால் குடலையே அடைத்துவிடும்.

இங்கே ஒரு புதிர் உண்டு. அதே குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் ஓயாமல் சுரக்கின்றன. புழுவின் உடலும் புரதம்தான். பிறகு அது மட்டும் ஏன் செரித்துப் போவதில்லை? காரணம் அதன் மேலுறை. கொலாஜன் எனும் புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த உறை அது. கோழியின் டிரிப்சின் நொதி, புரதச் சங்கிலியைக் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே வெட்டும். அந்த உறையிடம் அதன் வேலை எளிதில் பலிக்காது.

பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் பாப்பெய்ன் முதலிய நொதிகள் உள்ளன. இவை சங்கிலியை இன்னும் பல இடங்களில் வெட்டக்கூடியவை. முற்றிய இறைச்சி வேக அம்மா காய்ப் பப்பாளி சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆய்வுக்கூடத்தில் இந்த நொதிகளில் இட்ட உருளைப்புழுக்களின் உறை அரிபட்டு, கொப்புளமாகப் புடைத்து, கடைசியில் உடல் சிதைந்துபோகிறது. கடையில் விற்கும் லெவாமிசோல் வேலை செய்வது வேறு விதம்: அது புழுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது, புழு மலத்தோடு வெளியேறுகிறது. மருந்துக்குப் பழகிய புழுக்கள் பெருகும்போது, வேறு வழியில் தாக்கும் பொருளுக்குத் தனி மதிப்பு உண்டல்லவா?

1994இல் வெளியான ஓர் ஆய்வில், உருளைப்புழு இருந்த பன்றிகளுக்குப் பப்பாளிப் பால் கொடுக்கப்பட்டது. அந்தப் புழு, கோழிப் புழுவுக்கு நெருங்கிய உறவு. பாலின் அளவு கூடக் கூட, எஞ்சிய புழுக்கள் குறைந்தன. ஆனால் மிக அதிக அளவு பெற்றவற்றில் சிலவற்றுக்கு லேசான வயிற்றுப்போக்கும் வந்தது.

ஆக, பப்பாளிக்கு வலிமை உண்டு. சிக்கல் அளவில்தான். நொதி நிறைந்திருப்பது பச்சைக் காயின் பாலில்; பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். மரத்துக்கு மரமும் வீரியம் மாறும். போதாததற்கு, இரைப்பை அமிலம் நொதியில் ஒரு பகுதியைக் கெடுத்துவிடும். இரண்டு இலையை நறுக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. கொட்டைப்பாக்கின் கதையும் இதுதான். அதிலுள்ள அரெகோலின் நாடாப்புழுவைச் செயலிழக்கச் செய்யும். அளவு மிஞ்சினால் கோழிக்கே நஞ்சாகும்.

"கொடுத்த மறுநாள் புழு விழுந்தது" என்பதும் போதிய சான்றல்ல. மருந்தே இல்லாமலும் ஓரிரு புழு வெளியேறலாம். ஒரே வயது, ஒரே தீவனம் உள்ள கோழிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டின் எச்சத்திலும் ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். பள்ளியில் நீங்கள் படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு இதுதான்.

அந்த முட்டைகளை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும், எச்சத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொற்றும் நிலையை அடையும். பல மாதம் உயிரோடும் இருக்கும். மண்ணைக் கிளறும் கோழி அதை மறுபடியும் விழுங்கும். கோழிக்குள் போகும் பப்பாளிப் பால் மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடுவதே இல்லை. ஈரமான எச்சத்தை அடிக்கடி அள்ளி, கூண்டின் தரையைக் காய வைப்பதுதான் அதற்கு வழி.