காசிச் சொம்பில் கைலாயத் தண்ணீரா?

சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்ட வீடுகளில், சாமி மேடையில் வாயடைத்த செப்புச் சொம்பு இருப்பதுண்டு. காசிக்குப் போனவர்கள் கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம். கைலாய மலையடியில், மானசரோவர் ஏரியில் புறப்பட்ட கங்கை காசிக்கு வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சிவன் கங்கையைச் சடையில் தாங்கினார் என்பது நம் பக்தி. அதை யாரும் அளக்க வேண்டியதில்லை. ஏரி மட்டும் நிலத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பழைய ஐரோப்பிய வரைபடங்களும் கங்கையை மானசரோவரோடுதான் இணைத்தன. 1808இல் வெப் என்ற அதிகாரி தலைமையில் சென்ற அளவைக் குழு, கங்கை இமயத்தின் தென்பக்கத்திலேயே பிறக்கிறது என்று கண்டது. 1817இல் ஹாட்ஜ்சன் என்ற அளவை அதிகாரி கோமுகம் வரை ஏறினார். கங்கோத்ரி பனியாற்றின் நுனியில் உள்ள பனிக்குகை அது. அங்கிருந்து பாகீரதி வருகிறது. பத்ரிநாத்துக்கு மேலுள்ள பனியாறுகளிலிருந்து அலக்நந்தா வருகிறது. இரண்டும் தேவப்பிரயாகையில் கூடிய பிறகுதான் கங்கை. நீர்வரத்து அலக்நந்தாவில் அதிகம். தாய் நதி என்ற மரியாதை பாகீரதிக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை.

கைலாயப் பகுதியில் பிறப்பவை சிந்து, பிரம்மபுத்திரா, சட்லஜ், கர்ணாலி. இந்தக் கர்ணாலியைக் கவனியுங்கள். நேபாளம் வழியாக இறங்கி, காக்ரா என்ற பெயரில் பீகாரின் சாப்ரா அருகே கங்கையில் சேர்கிறது. ஆக, பெரியவர்கள் சொன்னது முழுப் பொய்யல்ல. கைலாயப் பக்கத்துத் தண்ணீர் கங்கையில் உண்டு. ஆனால் சாப்ரா, காசியைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. காசியில் மொண்ட சொம்பில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் இராது.

கங்கோத்ரி கோயிலடியில்தான் ஊற்று என்பதும் சரியல்ல. கோமுகம் அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மேலே. பனியாறு உருகிப் பின்வாங்குவதால் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது.

பனி உருகித்தான் கங்கை முழுதும் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் நம் பெர்ணம் ஆற்றைப் பார்க்க வேண்டும். அது பிறக்கும் தித்திவங்சா மலைத்தொடரில் பனியே கிடையாது. ஆனாலும் செகிஞ்சான் வயல்கள்வரை அந்த ஆற்று நீர் வாய்க்காலில் வந்து சேர்கிறது. வழியெல்லாம் பெய்த மழையும் கலந்த ஓடைகளும்தான் காரணம். சமவெளிக் கங்கையிலும் பருவமழை, கிளையாறுகள், நிலத்தடி நீர் ஆகியவற்றின் பங்கே பெரிது.

யாத்திரைக்குப் பணம் சேர்க்கிறவர்களே, கங்கை பிறக்குமிடம் காண உத்தராகண்ட் போதும். கைலாயம் திபெத்தில் இருக்கிறது. அதற்குச் சீனாவின் அனுமதி வேண்டும். இரண்டும் வேறு வேறு பயணங்கள்.